மெக்கானிக்கம்மாவின் மஞ்சள் தாள்

மாமியாரின் தையல் மெஷின் ரிப்பேர் வேலைக்காக, இளைய மருமகளான சின்னவள் போட்ட முதல் நோட்டீஸைப் போன வாரம் நாமும்தான் பார்த்தோம். நாலு மூலையிலும் ரோஜாப்பூ, சுற்றிலும் கொடி, வரிக்கு ஒரு வகை எழுத்து, எழுத்துக்கு ஒரு நிறம். அதைக் கையில் வாங்கிய ஓரகத்தி, அதாவது மூத்த மருமகள், "யாருக்குக் கல்யாணம்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் சின்னவளின் காதுக்குள் கொசுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று வீடே சிரித்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. வீறாப்பாகப் பெரிய மகனிடம் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"கம்பெனியில மெஷின் குடுக்கற அன்னிக்கு, இருட்டறதுக்குள்ள ஒருத்தியாவது ரிப்பேர் வேலைக்குன்னு என்னைக் கூப்பிடுவா. கூப்பிடலைன்னா டூல் பெட்டியை நீ எடுத்துட்டுப் போ. நானும் உன் பின்னாடியே வந்து உன் வீட்டு சோபாவில உக்காந்து டிவி பார்க்கறேன். போதுமா?"

அந்த நாள் இன்று.

மாமியாரைத் தையல் கம்பெனியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மெக்கானிக்கம்மா, அவ்வளவுதான். வரிசை வரிசையான மெஷின்களுக்கு நடுவே, ஸ்க்ரூடிரைவரைக் கொண்டையில் செருகிக்கொண்டு நடந்த ஒரே பெண்பிள்ளை. கம்பெனியை மூடிவிட்டார்கள். மெஷின்களை அங்கே தைத்த பெண்களுக்கே ஆளுக்கொன்றாகக் கொடுப்பது என்று முடிவாகி, இன்று மூன்று மணிக்குக் கேட் திறக்கிறது. நாளைக்கு அந்தப் பெண்கள் ஆளுக்கொரு திசை. இன்று மட்டும்தான் அத்தனை பேரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

பெரியவன் புது மெஷின் விற்கும் ஷோரூமில் மேனேஜர். "என் அம்மா எண்ணெய்க் கையோட வீடு வீடா ஏறி இறங்கறதா?" என்பது அவன் கவலை. பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தில் மாமியாருக்கு மூச்சு முட்டியது.

சின்னவளுக்கோ, அத்தை இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வெளியூர். அந்த நாட்களில் வீட்டில் ஒரு குரல் கேட்கிறது என்றால் அது அத்தையின் குரல்தான். அது போய்விட்டால் அப்புறம் குழாய்த் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்தான் மிச்சம்.

காலையில் அடுப்பை அணைத்த கையோடு கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். பழைய கம்ப்யூட்டர். எழுந்து உட்காரவே ஆயிரம் முனகல் முனகும்.

"இந்த வாட்டி பூ கிடையாதுல்ல?" மாமியார் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"பூவும் இல்ல, கொடியும் இல்ல அத்தை."

"அப்போ அந்த இடத்துல எல்லாம் என்னைப் பத்திப் போடு. நான் சொல்றேன், நீ அடி. ஓவர்லாக் பார்த்திருக்கேன், பட்டன் மெஷின் பார்த்திருக்கேன், காஜா மெஷின் பார்த்திருக்கேன்..."

மாமியார் சொல்லச் சொல்லச் சின்னவள் அடித்தாள். பார்த்த மெஷின்கள், பார்க்காத மெஷின்கள், சூப்பர்வைசர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கைதட்டியது, கொண்டையில் ஸ்க்ரூடிரைவர் செருகுவது வரை வந்துவிட்டது. திரையில் ஊசி குத்த இடமில்லை.

சின்னவள் எதிர்த்துப் பேசிப் பழகாதவள். பேசாமல் அதை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்தாள். சமையலறையின் அந்தக் கோடிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்து, மாமியாரின் மூக்கிலிருந்து கண்ணாடியை மெல்லக் கழற்றினாள்.

"படிங்க அத்தை."

"கண்ணாடியைக் குடுடி."

"வரிசையில நிக்கறவங்க கண்ணாடி தேடிக்கிட்டா நிப்பாங்க? இப்படியே படிங்க."

மாமியார் கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள், தலையைச் சாய்த்தாள். "எறும்பு ஊருது."

"எது எறும்பு மாதிரி இருக்கோ, அதை எடுத்துடலாமா?"

"அடிப்பாவி! என் பாதி ஆயுசை என் வாயாலயே எறும்புன்னு சொல்ல வெச்சிட்டியே!"

சொன்னாளே தவிர, அவளுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒவ்வொரு வரியாக அழிக்கச் சொன்னாள். சூப்பர்வைசர் கைதட்டிய வரி வந்தபோது மட்டும் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "அவன் கிடக்கான், எடு" என்றாள்.

இப்போது திரை வெள்ளை வெளேர் என்று இருந்தது. முதல் வரி என்ன? 'சிறந்த சேவை' என்று அடித்தாள் சின்னவள். அழித்தாள். 'நம்பிக்கைக்குரிய' என்று தொடங்கினாள். அதையும் அழித்தாள். ஊரில் உள்ள எல்லா நோட்டீஸும் இதைத்தானே சொல்கிறது? யார் நின்று படிக்கிறார்கள்?

"அத்தை, மெஷின் மக்கர் பண்ணினா உங்ககிட்ட ஓடி வருவாங்கல்ல, வந்ததும் முதல்ல என்ன சொல்லுவாங்க?"

மாமியாருக்கு அவ்வளவு போதும். ஸ்டூலிலிருந்து எழுந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "'மெக்கானிக்கம்மா, நூல் அறுந்துக்கிட்டே இருக்கு!' இது காலையில. 'மெக்கானிக்கம்மா, ஊசி உடையுது!' இது சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்கினப்புறம், அழுகாத குறையா. 'மெக்கானிக்கம்மா, அடியில சிக்கு விழுது!' இது வீட்டுக்குக் கிளம்பற அவசரத்துல. பஸ்ஸு போயிடுமாம், நான் பறந்து வரணுமாம்!"

அவள் நடித்து முடிப்பதற்குள் சின்னவளின் விரல்கள் ஓடி முடித்திருந்தன.

நூல் அறுந்துக்கிட்டே இருக்கா?
ஊசி உடையுதா?
அடியில சிக்கு விழுதா?
மெக்கானிக்கம்மா உங்க வீட்டுக்கே வருவாங்க!

அடியில் போன் நம்பர், தாளின் அகலத்துக்கு. ஒரே வகை எழுத்து, ஒரே கறுப்பு நிறம். சுவரில் ஒட்டியபோது மாமியார் கண்ணாடி இல்லாமலே கடகடவென்று படித்தாள். படித்துவிட்டு, "யாரோ கூப்பிடற மாதிரியே இருக்குடி" என்றாள். குரல் ஒரு மாதிரி இறங்கியிருந்தது.

"பின்பக்கத்தைச் சும்மா விட்டா கசக்கிப் போட்டுடுவாங்க அத்தை. வெச்சுக்கற மாதிரி ஏதாவது போடணும்."

மாமியார் யோசித்தாள். "இத்தனை நாளா சாதா மெஷின்ல தைச்சவளுக்கு இன்னிக்கு ஓரம் தைக்கற ஓவர்லாக் கிடைக்கும். அதுல நூல் கோக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். நாலு நூல், நாலு வழி. அதைப் படமாப் போடேன்."

கோடும் வட்டமுமாகச் சின்னவள் ஓவர்லாக் மெஷினை வரைந்தாள்.

"இது மெஷினா, ஒட்டகமா?"

மறுபடி வரைந்தாள். ஒட்டகத்தின் கழுத்து சுருங்கி, முதுகு இறங்கி, மெஷின் ஆயிற்று. நூல் போகும் வழிக்கெல்லாம் அம்புக்குறி. கடைசியில், 'எண்ணெய் பார்க்காம ஓட்டாதீங்க' என்று ஒரு வரி.

நாலு பக்கமும் தாராளமாக வெற்றிடம் விட்டாள். போன முறை பிரிண்ட் கடையில் திறந்ததும் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறிப்போனதே, அந்த அனுபவத்தில் இந்த முறை பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டாள். மாமியார் டூல் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"அது எதுக்கு அத்தை இப்போ?"

"கூப்பிட்டா, வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துட்டு வரேன்னா சொல்லச் சொல்ற?"

*

பிரிண்ட் கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். சின்னவளைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"அந்த ரோஜாப்பூ போட்டவங்களா இதைப் போட்டது?"

அது பாராட்டு என்று அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"தாள் மஞ்சளா இருக்கட்டும் அண்ணா," என்றாள். "வெள்ளைன்னா வெயில்ல கண்ணு கூசும். மஞ்சள்ல கறுப்புன்னா தூரத்துலேருந்தே தெரியும்."

கடையில் இருந்த மஞ்சள் தாள் அத்தனையும் மெஷினில் ஏறியது. மாமியாரை அங்கே உட்காரவைத்துவிட்டுச் சின்னவள் ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்குப் போனாள். ஆட்டோவோடு திரும்பி வந்தபோது மேஜைமேல் கட்டு தயாராக இருந்தது. தொட்டால் சூடு. முன்பக்கம் பளிச்சென்று இருந்தது. ஒரு தாளை எடுத்துப் புத்தகப் பக்கத்தைப் புரட்டுவதுபோலப் புரட்டினாள்.

மெஷின் படம் தலைகீழாக இருந்தது.

இன்னொன்று. தலைகீழ். கட்டின் நடுவிலிருந்து உருவினாள். தலைகீழ்.

"அண்ணா... பின்பக்கம் மாறி வந்திருக்கு."

"இல்லையேம்மா. பக்கவாட்டுல புரட்டணுமா, மேல தூக்கணுமான்னு கேட்டுட்டுத்தானே போட்டேன்? மேலதான் தூக்கணும்னு உங்க அத்தை அடிச்சுச் சொன்னாங்களே."

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றாள் மாமியார். "இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?"

"தலைகீழா இருக்கு அத்தை!"

"எங்க தலைகீழ்? நேராத்தானே இருக்கு?"

சின்னவள் புரட்டிக் காட்டினாள். தலைகீழ். மாமியார் அதைப் பிடுங்கி, மேல் விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு, கீழ் விளிம்பை வலது கையால் மேலே தூக்கினாள். நேர். இவள் மறுபடி புரட்டினாள். தலைகீழ். அவள் மறுபடி தூக்கினாள். நேர். ஒருத்தி கண்ணுக்கு இன்னொருத்தி பைத்தியமாகத் தெரிந்தாள். கடைக்காரர் நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, வசதியாக வேடிக்கை பார்த்தார்.

"ஏன் அத்தை அப்படித் தூக்கறீங்க?"

"வேற எப்படிப் பார்ப்பாங்க? ஒவ்வொரு மெஷினுக்கும் மேல நூல் ஸ்டாண்டுல ஒரு கார்டு தொங்கும். முன்பக்கம் என்ன தைக்கணும்னு இருக்கும், பின்பக்கம் அளவு இருக்கும். ஒரு கை துணியை விடாது. இன்னொரு கையால கீழேருந்து தூக்கிப் பார்த்துட்டு விட்டுடுவோம். கார்டைக் கழட்டி, புரட்டி, அழகு பார்த்துக்கிட்டு இருந்தா சூப்பர்வைசர் சும்மா விடுவானா?"

சின்னவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உலகத்தில் எல்லோரும் தாளைப் புரட்டுவார்கள். அத்தை மட்டும் தூக்குவாள்!

"மறுபடி அடிச்சுத் தர முடியுமா அண்ணா?"

"மஞ்சள் தாள் சுத்தமாத் தீர்ந்துடுச்சும்மா. மெஷின்லயும் வேற வேலை ஏத்திட்டேன். நாளைக்குக் காலையில வேணா வாங்க."

நாளைக்குக் காலையில் கேட்டில் யார் நிற்பார்கள்? காக்கா நிற்கும்.

சின்னவள் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தை பிடித்ததுபோல மேல் விளிம்பைப் பிடித்தாள். கீழிருந்து தூக்கினாள். படம் நேராக வந்து நின்றது. விட்டாள். முன்பக்கம் விழுந்தது. இன்னொரு தடவை தூக்கினாள். மெஷினுக்கு மேல் இது தொங்கினால்? உட்கார்ந்த இடத்திலிருந்து, ஒரு கையில் நூலோடு, இப்படித்தானே பார்க்க வேண்டியிருக்கும்?

"அண்ணா, தாள்ல ஓட்டை போடற மெஷின் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"எல்லாத்துக்கும் மேல, நடுவுல, ஒரு ஓட்டை போட்டுக் குடுங்க."

"தப்பா வந்ததை மறைக்கவா?"

"இல்ல. தொங்க விட."

சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அதில் நடுக்கமே இல்லை. ஓட்டைகள் விழ விழ, அவள் விட்டிருந்த வெற்றிடத்தால் ஒரு எழுத்துகூட அடிபடவில்லை.

*

கேட்டுக்கு வெளியே பெரியவனின் ஷோரூம்காரர்கள் பந்தலே போட்டுவிட்டிருந்தார்கள். மேஜை, மேஜைமேல் பாலிதீன் கவர் பிரிக்காத புது மெஷின். 'பழசைக் கொடுங்கள், புதுசை எடுங்கள்' என்று வழவழத் தாளில் ஏழெட்டு வண்ணத்தில் நோட்டீஸ். அதை நீட்டிக்கொண்டு நின்றது ஓரகத்தி. அவளும் அதே ஷோரூமில்தான் வேலை.

ஆட்டோவிலிருந்து கட்டு இறங்கியதும் அவள் கண் அங்கே போயிற்று. "என்னடி இது, மஞ்சத் தாள்! கடையைத் திறக்கறதுக்கு முன்னாடியே திவாலாகி மஞ்சக் கடுதாசியா?"

ஒன்றை உருவி எடுத்தாள். புரட்டினாள்.

"ஐயய்யோ, பின்பக்கம் தலைகீழா அடிச்சிருக்கே! ஏங்க, இங்க வந்து பாருங்களேன், உங்க தம்பி பொண்டாட்டி கூத்தை!"

"நீ சும்மா இரு," என்றான் பெரியவன், அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல். தாளை அவள் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கிக்கொண்டான். ஓரகத்தியின் சிரிப்பு சட்டென்று அணைந்து, அடுத்த நொடி பழையபடி எரிந்தது. பக்கத்தில் நின்ற சின்னவள் அதைப் பார்த்துவிட்டாள்.

பெரியவன் தாளைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினான். "அம்மா, இதைக் குடுக்காதீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. விடுங்க, பெட்டியை நான் எடுத்துக்கறேன். வீட்டுக்குப் போயிடலாம்."

"இருட்டிடுச்சாடா?"

"இல்ல..."

"அப்போ தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்காதே."

கேட் திறந்தது.

முதலில் வந்தவள் வாட்டசாட்டமான பெண். தள்ளுவண்டியில் ஓவர்லாக் மெஷின் ஒன்றை ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தாள். "மெக்கானிக்கம்மா!" என்று வண்டியை நிறுத்தினாள். மாமியார் ஒரு தாளை நீட்டினாள்.

அந்தப் பெண் முன்பக்கத்தைப் படித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். "அடியில சிக்கு விழுதாவா? இது நான் சொல்றதாச்சே!" பிறகு மேல் விளிம்பை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையால் கீழிருந்து தூக்கினாள்.

யாரும் சொல்லித்தரவில்லை. யோசிக்கவும் இல்லை. மூக்கைச் சொறிவதுபோல அவ்வளவு இயல்பாகத் தூக்கினாள்.

"ஏய், ஓவர்லாக்ல நூல் கோக்கற படம் இருக்குடி!" என்று பின்னால் திரும்பிக் கத்தினாள். கத்திக்கொண்டே தாளின் ஓட்டையை நூல் ஸ்டாண்டின் கொக்கியில் மாட்டினாள். வெறும் ஸ்டாண்டில் மஞ்சள் தாள் ஆடிற்று.

அவ்வளவுதான். "எனக்கு ஒண்ணு", "எங்க அக்காவுக்கும் சேர்த்து", "இந்தப் பக்கம் குடும்மா" என்று கைகள் நீண்டன. வாங்கிய ஒவ்வொருத்தியும் தூக்கிப் பார்த்தாள், மாட்டினாள், தள்ளினாள். கேட்டிலிருந்து தெருமுனை வரை மெஷின் மெஷினாக மஞ்சள் தாள் அசைந்துகொண்டே போயிற்று.

ஓரகத்தி தாளைப் பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டு நின்றாள். போகிற போக்கில் ஒருத்தி சொன்னாள்: "இப்படி இல்லம்மா, தூக்கிப் பாருங்க. புதுசா? கம்பெனியில எந்த லைன்?"

இன்னொருத்தி வழவழத் தாளைத் திருப்பியே கொடுத்துவிட்டாள். "எண்ணெய்க் கையைத் துடைக்கலாம்னு வாங்கினேன். வழுக்கிக்கிட்டுப் போகுது."

மாமியாரின் கழுத்தில் தொங்கிய போன் அடித்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"ஹலோ, மெக்கானிக்கம்மாவா?"

"ஆமா, யாரு?"

"திரும்பிப் பாருங்க."

ஆறடி தள்ளி வரிசையில் நின்ற ஒருத்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு கையை ஆட்டினாள். "நம்பர் சரிதானான்னு பார்த்தேன்!"

"இதெல்லாம் கணக்குல வராது," என்றாள் ஓரகத்தி.

"வர வேணாம்," என்றாள் மாமியார். அவள் போனைக் கீழே விடுவதற்குள் அது மறுபடி அடித்தது. இந்த முறை பேசியவள் அந்த வாட்டசாட்டமான பெண். அடுத்த தெருதான் வீடு. மெஷினை இறக்கும்போது பெல்ட் கழன்றுவிட்டதாம், உடனே வர முடியுமா என்றாள். அதைப் பேசி முடிப்பதற்குள் இன்னொரு அழைப்பு. இன்னொன்று. கடைசியில் மாமியார் போனைச் சின்னவளிடம் தள்ளினாள். "நீ பேசு. யாருக்கு எப்போ வரேன்னு நீயே சொல்லு. நாளைக்குக் காலைக்கு மட்டும் ஒரேயடியா ஆளைச் சேர்த்துடாதே, எனக்கு ரெண்டு கைதான்."

வெயில் இன்னும் சுவரைவிட்டு இறங்கவில்லை.

மாமியார் மகனைப் பார்த்தாள். "என்னடா, பெட்டியை எடுத்துக்கறேன்னியே. எடு. ஆட்டோவில வை."

பெரியவன் குனிந்து தூக்கினான். ஒரு பக்கமாகச் சாய்ந்தான். "என்னம்மா, இந்தக் கனம் கனக்குது!"

"இத்தனை வருஷமா இதை யார் தூக்கினான்னு நெனச்சே?"

அவன் சிரித்துவிட்டான். வேண்டாம் என்றுதான் நினைத்திருப்பான், சிரிப்பு முந்திக்கொண்டது. பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, சின்னவள் முன்னால் ஒரு நிமிடம் நின்றான். அவளோடு அவன் நேராகப் பேசியதே குறைவு.

"நல்லாப் போட்டிருக்கம்மா," என்றான். பிறகு அம்மாவோடு தானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டான். "தனியாப் போக வேணாம், நான் விட்டுட்டு வரேன்."

"பெல்ட் மாட்டறவரைக்கும் இருந்து பாரு," என்ற மாமியாரின் குரல் ஆட்டோவோடு போயிற்று. "கத்துக்கிட்டா உனக்கும் நல்லதுதானே, மேனேஜரு!"

சின்னவள் கேட்டருகே நின்று போனுக்குப் பதில் சொன்னாள். முன்பெல்லாம் தெரியாத நம்பர் என்றால் எடுக்கவே மாட்டாள். இன்று ஒவ்வொரு அழைப்புக்கும், "ஆமா, மெக்கானிக்கம்மா வீடுதான், சொல்லுங்க" என்று அவள் சொன்ன தோரணையை லாரிக்காரக் கணவன் கேட்டிருந்தால் நம்பர் மாறிவிட்டது என்று போனை வைத்திருப்பான்.

வரிசை கரைந்தது. ஷோரூம் ஆட்கள் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஓரகத்தி எதிரே நின்றுகொண்டிருந்தாள். வாயில் எப்போதும் இருக்கும் கிண்டல் இல்லை.

"இதையெல்லாம் நீயே உக்காந்து பண்ணினதா?"

"அத்தை சொன்னாங்க, நான் அடிச்சேன்."

"உன்னைத்தான் கேட்டேன்."

"ஆமாக்கா. நான்தான்."

ஓரகத்தி பந்தல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இன்னும் ஓர் அடி நெருங்கி வந்தாள்.

"எனக்கு ஒண்ணு போட்டுத் தருவியா? சின்னதா இருந்தாப் போதும்."

"ஷோரூமுக்கா அக்கா?"

"இல்ல. எனக்கு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது."

சின்னவளின் கையில் போன் மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை.

"என்ன போடணும்?"

"'வாடகைக்கு வீடு தேவை'ன்னு பெரிசாப் போடு." ஓரகத்தி தலையை நிமிர்த்தித்தான் சொன்னாள். குரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "அதுக்குக் கீழே, 'ஒரு ஆளுக்கு'."